லாயப் பொட்டலில் சுண்ணாம்புக் கோடுகள்

கொழும்பு, பெட்டா
7 ஜூன் 1936

786

அன்புள்ள அமீருன்னிசாவுக்கு ஷேக் தாவூது எழுதிக்கொள்வது. ஸலாம். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதிலிருந்து தலைமன்னாரில் இறங்கும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இதை யாரிடமும் சொல்லாதே.

தம்பி முகம்மது கனியைப் பார்த்தேன். கடை ஏணியிலிருந்து விழுந்தவனுக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. அவன் எழுந்து நடக்க ஐந்து மாதமாவது ஆகும் என்கிறார் டாக்டர். அதுவரை இங்கே ஜவுளிக் கடையை நான்தான் பார்த்தாக வேண்டும். நோன்புக்கு முன்னால் ஊர் திரும்பிவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

இனி முக்கியமான விஷயம். நம் வீட்டுக்கு எதிரே கிடக்கும் லாயப் பொட்டல். ஒரு காலத்தில் குதிரை கட்டிய இடம். பிறகு எவரோ ஒரு துரை அதைப் பூங்காவாக்கினார். இப்போது பூங்கா என்று சொல்ல அங்கே மிஞ்சியிருப்பது உடைந்த பெஞ்சு இரண்டும் கொஞ்சம் கம்பி வேலியும்தான். முனிசிபாலிட்டி மெம்பராகி நான் போராடி வாங்கிய பெரிய காரியம் அதைப் புதுப்பிக்கும் உத்தரவு என்பது உனக்குத் தெரியும். போன வருடம் பெங்களூரில் நான் பார்த்த மாதிரியே நடுவில் ஒரு நீரூற்று. மேலூர் கல்லில் வளைவு வளைவாகச் செதுக்கிய தொட்டி. நான்கு பக்கமும் வட்டமாகப் பூப்பாத்திகள். சுற்றிலும் இரும்புக் கிராதி, ஒரே ஒரு வாசல், வாசலில் கல்வெட்டு. மூலையில் நிற்கும் வாகை மரம் நீரூற்றை மறைக்கும். அதை வெட்டிவிட வேண்டும். சடுகுடு ஆடுகிற பசங்கள் வைகை மணலுக்குப் போகட்டும்.

ஓவர்சியர் தவசி அடுத்த வாரம் வீட்டுக்கு வருவார். பிளான் என் டிரங்குப் பெட்டியில் மேலாகவே இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடு. நீ செய்ய வேண்டியது அவ்வளவுதான். அடுத்த வருடம் தேர்தல் வருகிறது என்பதையும் மறக்காதே.

இப்படிக்கு,
ஷேக் தாவூது


மதுரை, குதிரைலாயத் தெரு
18 ஜூன் 1936

786

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு அமீருன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகம். கப்பல் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அஜ்மல் பீவியிடம் மட்டும் சொன்னேன்.

தவசி வந்தார். பிளானைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் பிரித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீல நிறத்தில் வெள்ளைக் கோடுகள். எவ்வளவு நேரம் பார்த்தும் அது நம் பொட்டல் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. குழாயடி எங்கே, தெற்குச் சந்து எங்கே, நம் வீடு எந்தப் பக்கம் என்று ஒன்றும் புரியவில்லை. அதனால் தவசியை முன்கூடத்தில் உட்காரவைத்து, நான் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒவ்வொன்றாக விளக்கச் சொன்னேன். பொறுமையான மனிதர். விளக்கினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தண்ணீர்க் குடத்தோடு ஒச்சாயி நின்றாள். மில்லில் வேலை பார்க்கிறாளே, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, தெற்குச் சந்தில் குடியிருப்பவள். அவளும் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, "சுத்திக் கிராதி போட்டுட்டா நான் குடத்தத் தூக்கிட்டு எங்கிட்டுப் போவேன்? குழாயடி வடக்க, என் வீடு தெக்க. இம்புட்டு நாளும் பொட்டலுக்கு ஊடாலதான நடக்கேன்" என்றாள். தவசி பிளானை மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மச்சான், பதினான்கு வருடமாக மச்சு ஜன்னலிலிருந்து அந்தப் பொட்டலைப் பார்க்கிறேன். காலையில் மில்லுக்குப் போகிற பெண்கள், மத்தியானம் மரத்தடியில் தூங்குகிற வண்டிக்காரர்கள், சாயங்காலம் மருதுவும் அவன் கூட்டாளிகளும் ஆடுகிற சடுகுடு. யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும். இந்தப் பிளான் போடும்போது யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தங்கள்,
அமீருன்னிசா


கொழும்பு
27 ஜூன் 1936

அமீருன்னிசாவுக்கு ஸலாம்.

யாரையாவது கேட்டேனா என்று கேட்டிருக்கிறாய். ஜனங்கள் ஓட்டுப் போட்டு என்னை மெம்பராக்கியதே ஒவ்வொன்றுக்கும் அவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் இருப்பதற்குத்தான். பொட்டலில் என்ன வேண்டும் என்று மருதுவைக் கேட்டால் சடுகுடுக் களம் என்பான். ஒச்சாயியைக் கேட்டால் நடைபாதை என்பாள். அத்தர் கடை முஜிபுர் ரஹ்மானைக் கேட்டால் நான் எது சொல்கிறேனோ அது வேண்டாம் என்பார். அவருக்கு என் நாற்காலி மேல் ஒரு கண். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் மதுரையில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

ஆனாலும் நான் பிடிவாதக்காரன் அல்ல. தவசியை மரத்தடியில் ஒரு கூட்டம் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். பிளானை எல்லோருக்கும் விளக்கட்டும். கவனி, விளக்கட்டும் என்றுதான் சொன்னேன். கேட்கட்டும் என்று சொல்லவில்லை.

கனி படுத்துக்கொண்டே கடையை நடத்தப் பார்க்கிறான். அந்தத் துணியைப் பிரிக்காதே, இந்தத் துணியை அங்கே வைக்காதே என்று கட்டிலிலிருந்து உத்தரவு போட்டபடியே இருக்கிறான். கடையில் நிற்காதவனுக்கு என்ன தெரியும்? எரிச்சலாக வருகிறது.

கப்பல் விஷயத்தை அஜ்மல் பீவியிடம் சொன்னது முஜிபுர் ரஹ்மானிடம் சொன்ன மாதிரிதான். அவர் பெண்சாதி அல்லவா அவள்.

ஷேக் தாவூது


மதுரை
13 ஜூலை 1936

786

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். கடையைச் சாத்தியபிறகு படியுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தவசி கூட்டம் போட்டார். வாகை மரத்தடியில் ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டு அதன்மேல் பிளானை விரித்தார். நல்ல கூட்டம். நான் ஜன்னலில் இருந்தேன். ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். நீரூற்றை ஒருவர் கிணறு என்றார். பூப்பாத்திகளை இன்னொருவர் செக்கு என்றார். தவசி சிரித்துக்கொண்டே, "இந்தத் தாள்ல ஒரு அங்குலம்னா தரையில அஞ்சு கஜம்னு நெனச்சுக்கிடுங்க" என்றார். உடனே மருது, தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறவன், குரலுக்கு என்ன குறைச்சல், "அப்ப அந்த அஞ்சு கஜத்தையே தரையில போட்டுக் காட்டிருங்கண்ணே. நாங்க நடந்து பாத்துக்கிறோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னவளுக்குப் பாவாடை வெட்டும்போது துணியைத் தரையில் விரித்து, கோடு போட்டு, அவளையே அதன்மேல் படுக்கவைத்துப் பார்க்கிறேன். இது மட்டும் ஏன் தாளிலேயே இருக்க வேண்டும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போனார்கள். மருதுவும் வண்டிக்காரர்களும் மண்டியில் இருந்தார்கள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு, துப்பட்டி போர்த்திக்கொண்டு பொட்டலில் இறங்கினேன். நான் மட்டுமில்லை. தெருவில் அத்தனை வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அன்றைக்கு மில்லில் ஏதோ பழுது என்று ஒச்சாயியும் அவள் கூட்டாளிகளும் இருந்தார்கள். அவள் ஒரு கயிற்றில் கஜத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? அஜ்மல் பீவி.

உங்கள் பிளானை அப்படியே தரையில் போட்டோம் மச்சான். ஒரு கோடுகூட விடவில்லை. நீரூற்று மட்டும் வட்டமாக வராமல் பலாப்பழம் மாதிரி வந்துவிட்டது.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள், மண்டிக்குப் போனவர்களும் வந்தார்கள். பொட்டல் முழுக்க வெள்ளைக் கோடு. ஒருவரும் மிதிக்கவில்லை. ஓரமாகவே நின்றார்கள். நாங்கள் அதற்குள் அவரவர் வாசலுக்குப் போய்விட்டோம். முதலில் உள்ளே கால் வைத்தவன் மருது. பலாப்பழத்துக்கு நடுவில் போய் நின்று சுற்றிலும் பார்த்தான். "அண்ணே, நான் இப்ப தொட்டிக்குள்ள நிக்கிறேன். எங்க சடுகுடுக் கோடு இந்தா, என் காலுக்குக் கீழ இருக்கு" என்றான். அத்தர் கடைக்காரர் பெஞ்சு என்று குறித்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். மேற்கு வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. எழுந்துவிட்டார். ஒச்சாயி குடத்தோடு வந்து கிராதிக்கோடு வரைக்கும் நடந்து நின்றாள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு பொட்டலைச் சுற்றிப் போனாள்.

நாலு மணிக்குத் தவசி வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் அளவுச் சங்கிலியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தொட்டியத் தவிர மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் கோட்டுக்குள் நடந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் நின்றுகொண்டு சொல்ல, ஜனங்கள் காலால் அழிக்க, மறுபடி போட, மறுபடி அழிக்க என்று பொட்டலே திருவிழா மாதிரி இருந்தது. சண்டையும் வந்தது. வண்டிக்காரர்களும் மருதுவும் வாகை மரத்து நிழலுக்காகக் கட்டிப் புரளாத குறை.

இப்போது கோடு இப்படி நிற்கிறது. நடுவில் சடுகுடுக் களம். களத்தை ஒட்டிக் குழாயடியிலிருந்து தெற்குச் சந்துக்கு ஒரு பாதை, பாதையின் இரு பக்கமும் பூச்செடி. கிராதி கிடையாது, பாதை தொடங்கும் இடம்தான் வாசல். வாகை மரம் இருக்கிறது, அதைச் சுற்றிக் கல்மேடை. வடகிழக்கு மூலையில் மருதாணி வேலி போட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம், அங்கே ஊஞ்சல். நீரூற்றுக்கு இடம் தேடினோம் மச்சான். சத்தியமாகத் தேடினோம். கிடைக்கவில்லை.

நீங்கள் ஒரு வரி எழுதினால் திருத்திய பிளானைக் கவுன்சில் கூட்டத்தில் வைக்கலாம் என்கிறார் தவசி.

தங்கள்,
அமீருன்னிசா


கொழும்பு
22 ஜூலை 1936

அமீருன்னிசா,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே முஜிபுர் ரஹ்மான் கடிதம் வந்துவிட்டது. 'மெம்பர் வீட்டு அம்மா நடுப்பொட்டலில் சுண்ணாம்பு வாளியோடு நின்றதை ஊரே பார்த்தது' என்று எழுதியிருக்கிறார். நீ ஆண்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இறங்கினாய், துப்பட்டி போர்த்தித்தான் இறங்கினாய், எல்லாம் எனக்கும் புரிகிறது. ஊருக்குப் புரியுமா?

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. அந்தப் பிளானுக்காக நான் எத்தனை படி ஏறி இறங்கினேன் என்று உனக்குத் தெரியும். பெங்களூரில் அந்த நீரூற்றின் முன்னால் நின்றபோது நம் தெருவிலும் இப்படி ஒன்று வந்தால் என்ன என்று தோன்றியதே, அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. நம் தெருவை ஊரில் எவரும் ஒரு தெருவாகவே மதித்ததில்லை. அங்கே ஒரு அழகான பொருள் இருக்கட்டும் என்று நினைத்தது தப்பா? அதைக் காலால் அழித்துவிட்டு, இடம் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறாய்.

தவசிக்கு நேராகவே எழுதிவிட்டேன். பழைய பிளான்தான். குழி தோண்ட வேண்டும். மரத்தை வெட்ட வேண்டும். மேலூரிலிருந்து கல் வரும். நீ இனி இந்த விஷயத்தில் தலையிடாதே.

ஷேக் தாவூது


மதுரை
3 ஆகஸ்ட் 1936

786

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

உங்கள் உத்தரவுப்படி நீரூற்றுக்குக் குழி தோண்டியாகிவிட்டது. மேலூரிலிருந்து கல் வண்டிகள் வந்தன. வளைந்த கற்கள், வழுவழுவென்று நன்றாகத்தான் இருக்கின்றன. குழிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அழகான பொருள் வேண்டும் என்று நீங்கள் நினைத்தது தப்பில்லை. அதை நான் சிரித்துக்கொண்டு எழுதியது தப்பு. அதற்கு மட்டும் மன்னியுங்கள். சுண்ணாம்புக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பொட்டலைப் பற்றி இனி எழுத மாட்டேன். தலையிடாதே என்றீர்கள், தலையிடவில்லை.

அமீருன்னிசா


கொழும்பு
20 ஆகஸ்ட் 1936

அன்புள்ள அமீருன்னிசாவுக்கு ஸலாம்.

பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பிள்ளைகளுக்கு இரண்டு சட்டைத்துணியும் உனக்கு ஒரு சேலையும் ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சை நிறம் உனக்குப் பிடிக்கும் என்று நினைவு. கனியோ, பச்சை இல்லை, நீலம்தான் அண்ணிக்குப் பிடிக்கும் என்கிறான். இரண்டில் எது என்று எழுது.

அங்கே மழை உண்டா? வேறு ஏதாவது விசேஷம் உண்டா? வீட்டுக்கு எதிரே?

ஷேக் தாவூது


(தபால் கார்டு)
மதுரை
29 ஆகஸ்ட் 1936

எல்லோரும் சுகம். சேலை வந்தது. நீலம். மழை உண்டு.
அமீருன்னிசா


கொழும்பு
14 செப்டம்பர் 1936

786

அன்புள்ள அமீருன்னிசாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. கனியின் முணுமுணுப்பைக் கேட்க முடியாமல் காலிமுகத் திடலுக்கு நடந்தேன். கடலோரத்தில் வெறும் புல்தரை, அவ்வளவுதான். கிராதி இல்லை, பாத்தி இல்லை. ஆனால் ஊரே அங்கே இருந்தது. சிங்களவர், மலாய்க்காரர், நம்மவர், துரைமார், எல்லாக் குடும்பமும் புல்லில் உட்கார்ந்திருந்தது. பையன்கள் பட்டம் விட்டார்கள். போகிற வழியில் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நீரூற்றும் இருந்தது. நான் வேண்டுமென்றே அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

திடலில் ஒருவனிடம் கடலை வாங்கினேன். என் பேச்சைக் கேட்டதும், "அண்ணே, நம்ம பக்கமா?" என்றான். அலங்காநல்லூர்க்காரன், பெயர் கருத்தக்கண்ணன். மதுரையில் கொஞ்ச காலம் மண்டியில் வேலை பார்த்தானாம். எந்தத் தெரு என்று கேட்டான். குதிரைலாயத் தெரு என்றேன். அவன் கடலைக் கூடையைக் கீழே வைத்துவிட்டான்.

"லாயப் பொட்டல்ல நான் ஆடியிருக்கேண்ணே. முட்டி பேந்தது அங்கதான். ஆடி முடிச்சிட்டு அந்த வாகை மரத்தடியில விழுந்து கெடப்போம் பாருங்க, அந்தக் காத்து இங்க கடக்கரையில கூட இல்ல. மரம் நிக்குதாண்ணே?"

நான் என்ன சொல்வது, அமீருன்னிசா? வெட்டச் சொல்லி எழுதியவன் நான். "நிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் மகிழ்ந்துபோய் இன்னொரு கை கடலை அள்ளிப் போட்டான். அதைத் தின்ன முடியவில்லை. அறைக்கு வந்து ராத்திரி சாப்பிடவும் பிடிக்கவில்லை.

மரம் நிற்கிறதா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதை மட்டும் உடனே எழுது.

ஷேக் தாவூது


மதுரை
19 செப்டம்பர் 1936

786

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

மரம் நிற்கிறது. சாப்பிடுங்கள்.

மரம் வெட்டுகிறவர்கள் இரண்டு தரம் வந்தார்கள். முதல் தரம் ஒச்சாயியும் மில் பெண்களும் வேலை விட்டு வந்த களைப்பில் மரத்தடியில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எழுந்திருக்கச் சொன்னதற்கு, "தூங்கிட்டு இருக்கோம்ல, செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றாள். அவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் தரம் மழை. அதற்கப்புறம் தவசி அவர்களைக் கூப்பிடவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. தலையிடக்கூடாது அல்லவா.

இப்போது உங்களுக்குப் பொட்டல் சமாச்சாரம் வேண்டும் என்று தெரிகிறது. ஆகவே எழுதுகிறேன். உங்கள் நீரூற்றுக் குழியில் மழைத் தண்ணீர் நிரம்பிவிட்டது. தவளைகள் குடியேறிவிட்டன. ராத்திரி முழுக்க அதுகள் போடும் சத்தத்தில் தெருவில் எவருக்கும் தூக்கம் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அத்தர் கடை முஜிபுர் ரஹ்மான் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தார். குடை முன்னால் மறைத்ததில் குழி தெரியவில்லை. நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர்தான். அடி ஒன்றும் இல்லை. மருது போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினான். அவர் மேலே வந்து தாடியைப் பிழிந்துகொண்டு மருதுவிடம், "அந்தப் பிள்ளைக சுண்ணாம்புல போட்ட பாதை எங்கிட்டுப் போச்சுப்பா? அதுல நடந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்" என்றாராம். அஜ்மல் பீவி இதை என்னிடம் சொல்லிவிட்டு, சிரித்துச் சிரித்து அம்மி மேலேயே சாய்ந்துவிட்டாள்.

இப்போது அவரே வீடு வீடாகப் போய்ச் சுண்ணாம்புப் பிளான்தான் வேண்டும் என்று சொல்கிறார். நீங்கள் எது சொல்கிறீர்களோ அது வேண்டாம் என்பார் என்று எழுதினீர்களே, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடலைக்காரர் பட்ட சந்தோஷம் வீணாகவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

தங்கள்,
அமீருன்னிசா


கொழும்பு
27 செப்டம்பர் 1936

786

அன்புள்ள அமீருன்னிசாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டே திடலுக்குப் போய்க் கருத்தக்கண்ணனைத் தேடிப் பிடித்துப் படித்துக் காட்டினேன். முஜிபுர் ரஹ்மான் விழுந்த இடம் வந்ததும் இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்துவிட்டோம்.

சேர்மனுக்கும் தவசிக்கும் இன்றே எழுதிவிட்டேன். பழைய பிளானை நான் வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் சுண்ணாம்பில் போட்டதுதான் இனிப் பிளான். குழியை மூடட்டும். நான்தான் தோண்டச் சொன்னேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

நீரூற்றுக் கற்களைப் பற்றி நாள் முழுக்க யோசித்தேன். அவற்றைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. வளைவாக, வழுவழுவென்று இருப்பதாக எழுதியிருந்தாய். அவற்றைச் சாய்த்துப் பதித்தால் பிள்ளைகள் சறுக்கி விளையாட ஆகாதா? தவசியைக் கேட்டுப் பார். எல்லோரையும் கேட்டுப் பார். கேட்கச் சொல்வது நான்தான், தெரிந்துகொள்.

ஊஞ்சலுக்குத் துறைமுகத்தில் கப்பல் கயிறு வாங்கி அனுப்புகிறேன். யானையைக் கட்டினாலும் அறாது.

பெண்கள் மூலைக்கு ஒரு விதி வேண்டும் அல்லவா? இல்லாவிட்டால் இரண்டே நாளில் ஆண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூலைக்கு மட்டும் என்றால் போதாது. வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் அஸர் தொழுகை நேரம் முதல் விளக்கு ஏற்றும்வரை பொட்டல் முழுவதும் பெண்களுக்கே இருக்கட்டும். மருதுவும் பசங்களும் மற்ற நாட்களில் ஆடிக்கொள்ளட்டும். விதியை நானே எழுதியிருக்கிறேன், பலகையில் எழுதி வாசலில் மாட்டச் சொல்: 'மேற்படி நேரங்களில் ஆடவர் எவரும், எத்தகைய அந்தஸ்து உடையவராயினும், உட்பிரவேசிக்கலாகாது.' எப்படி இருக்கிறது?

ஷேக் தாவூது


மதுரை
24 அக்டோபர் 1936

786

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

விதி நன்றாக இருக்கிறது. ஒச்சாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் நான் அவளுக்கு நாலு தரம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது மனப்பாடம். மில் வேலையை விட்டுவிட்டுப் பொட்டலுக்குக் காவலாக அவளே வந்துவிட்டாள். தவசி ஏற்பாடு.

கவுன்சில் கூட்டத்தில் சுண்ணாம்புப் பிளான் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. வேலை முக்கால்வாசி முடிந்தது. மேலூர்க் கல்லைச் சாய்த்துப் பதிக்கும் யோசனையை மரத்தடியில் எல்லோர் முன்னிலையிலும் வைத்தோம். யாரும் மறுக்கவில்லை. சிமெண்டு காய்ந்ததும் முதலில் யார் சறுக்குவது என்று பிள்ளைகளுக்குள் அடிதடி. கடைசியில் கல் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி மருதுவே மேலே ஏறிச் சறுக்கினான். நம் சின்னவள் நாள் முழுக்க அதிலேயே இருக்கிறாள். பாவாடையின் பின்பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. நீங்கள் கொடுத்தனுப்பிய துணியில் புதிதாக வெட்டிவிட்டேன்.

நீங்கள் பெங்களூரில் நின்று பார்த்தது அழகான பொருளாகத்தான் இருந்திருக்கும். மேலூர்க் கல்லில் சாயங்கால வெயில் விழும்போது நம் தெருவிலும் அப்படித்தான் இருக்கிறது மச்சான். மச்சு ஜன்னலுக்கு வந்து பாருங்கள்.

கல்வெட்டில் யார் பெயர் போடுவது என்று கேட்டார் தவசி. தெருக்காரர்களுக்குள் ஒரே வாதம். உங்கள் பெயர்தான் என்று முஜிபுர் ரஹ்மானே சொன்னார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த தேர்தலுக்கு யாரை நிறுத்த வேண்டும் என்று மருது சொன்னதைக் கேட்டபோது திரைக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதை எழுத மாட்டேன். வந்து அவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கனி தம்பி கம்பு ஊன்றி நடக்கிறார் என்று அறிந்தேன், அல்ஹம்துலில்லாஹ். எந்த நாள் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம். வந்துவிடுங்கள்.

தங்கள்,
அமீருன்னிசா


(பென்சிலில் எழுதிய துண்டுக் காகிதம்)
லாயப் பொட்டல் வாசல்
வெள்ளிக்கிழமை, 6 நவம்பர் 1936

அமீருன்னிசா,

வந்துவிட்டேன். வீடு பூட்டியிருக்கிறது. பெட்டியோடு பொட்டல் வாசலுக்கு வந்தேன். ஒச்சாயி உள்ளே விட மாட்டேன் என்கிறாள். "நான் மெம்பர்" என்றேன். "எத்தகைய அந்தஸ்து உடையவராயினும்" என்று ஒரு எழுத்துத் தவறாமல் சொல்கிறாள். "எழுதினதே நான்தான் ஒச்சாயி" என்றேன். "அப்பச் சரி, ஒங்களுக்கே தெரியும்ல. வெளக்கு வக்கட்டும்" என்கிறாள். கிராதி இல்லாத பொட்டல்தானே, ஓரமாக எட்டிப் பார்க்கலாம் என்று போனால், பெண்கள் மூலையைச் சுற்றி வளர்ந்த மருதாணிச் செடிகளாகவே கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு வேலி நட்டிருக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. அதில் உன் சிரிப்பும் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

கொஞ்சம் வெளியே வா. ஐந்து மாதம் ஆயிற்று.

தாவூது


(அதே காகிதத்தின் பின்பக்கம்)

மச்சான்,

வருகிறேன். கப்பல் கயிற்று ஊஞ்சலில் இருக்கிறேன். அறவில்லை. பத்து வயதுக்கப்புறம் இன்றைக்குத்தான் வெட்டவெளியில் ஊஞ்சல் ஆடுகிறேன். உயரே போகும்போது வேலிக்கு மேலே உங்கள் தொப்பியும் முகமும் தெரிகின்றன. மெலிந்துவிட்டீர்கள்.

வீட்டுச் சாவியை ஒச்சாயியிடம் கொடுத்தனுப்புகிறேன். வேண்டுமானால் போய்ப் படுங்கள். இல்லாவிட்டால் வாசலில் அத்தர் கடைக்காரரும் மருதுவும் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களும் பெண்சாதிமாருக்காகக் காத்திருப்பவர்கள்தான், கூட உட்காருங்கள். என் முறை இப்போதுதான் வந்தது. விளக்கு வைக்கும்வரை இறங்குவதாக இல்லை.

அமீருன்னிசா